அதிகாரிகள் மாணவர்களாகும் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். பல்கலைக்கழகங்கள் மூத்த அதிகாரிகளுக்காக நடத்தும் தலைமைப் பயிற்சியில் பங்கேற்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. ஐம்பது வயதைத் தொட்டவருக்கு, ஆயிரம் குடும்பங்களின் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுபவருக்கு, நடத்தையைப் பற்றி நாம் என்ன சொல்லித்தர முடியும் என்று சக ஆசிரியர்களே கேட்பதுண்டு. முதல் நாள் பதிவு மேசையில் அடையாள அட்டை, கைப்பை, வைஃபை கடவுச்சொல் ஆகியவற்றோடு நடத்தை விதிகள் அச்சிட்ட ஒரு தாளும் கொடுக்கிறோம். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். படித்துவிட்டுப் போடுங்கள் என்று நாங்களும் வற்புறுத்துவதில்லை. வகுப்பில் ஒருவர் வாய் திறந்து உண்மையைப் பேசினால்தான் அந்தப் பயிற்சிக்கு உயிர் உண்டு. அவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது அந்தத் தாள். பல ஆண்டுகள் இந்த வகுப்புகளில் நின்று பேசியவன் என்ற முறையில், அந்தத் தாளுக்கு உரிய மரியாதையைக் கேட்டுப் பெறவே இன்று வந்திருக்கிறேன்.

இந்த வகைப் பயிற்சி எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், ஹார்வர்டு வணிகப் பள்ளி போர்க்கால உற்பத்திக்கு மாற வேண்டியிருந்த நடுவயதுத் தொழில்துறையினருக்கு ஒரு மறுபயிற்சி வகுப்பை நடத்தியது. அதன் வழியில் வந்ததுதான் 1945-இல் அங்கு தொடங்கிய அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் புரோகிராம். அதே 1945-இல் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹென்லியில், நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. பொருளியல் அறிஞர் நோயல் ஹால் அதன் முதல்வர். முதல் வகுப்பு 1948-இல் கூடியது. ஹென்லியை முன்மாதிரியாகக் கொண்டு 1956-இல் ஹைதராபாத்தில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜ் ஆஃப் இந்தியா உருவானது. பெல்லா விஸ்டா என்ற மாளிகையில் அமைந்த அந்தக் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் ஜெனரல் ஸ்ரீநாகேஷ். இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற கையோடு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அவர். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் எனும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கின; அகமதாபாத் ஹார்வர்டின் துணையோடு, நிறுவனங்களின் உண்மையான சிக்கல்களை வகுப்பில் விவாதிக்கும் கேஸ் முறையைக் கொண்டுவந்தது.

வந்தவர்களை ஒன்றாகத் தங்கவைத்தது இந்த மரபின் அடிப்படை. வீட்டையும் அலுவலகத்தையும் விட்டு, வாரக்கணக்கில் ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டு மேசை. காரணம் எளிது. இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு ஓர் ஆசிரியர் புதிதாகச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். அவருக்கு நிகரான இன்னொருவர், வேறு தொழிலில் வேறு சிக்கலைச் சந்தித்தவர், நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்று மனம் திறந்து சொல்லும்போதுதான் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். பாடநூல் இங்கே சக பங்கேற்பாளரின் அனுபவம். அந்தப் பாடநூலைத் திறப்பதா மூடிவைப்பதா என்று முடிவு செய்பவரும் அவரே. அறையில் இருக்கும் மற்றவர்களின் நடத்தையைப் பார்த்துத்தான் அவர் அதை முடிவு செய்கிறார்.

ஹென்லியில் இதற்காகவே ஓர் ஏற்பாடு இருந்தது. சிண்டிகேட் என்று பெயர். ஏறக்குறையப் பத்துப் பேர் கொண்ட குழு. தனியார் தொழில், அரசுப் பணி, அரசுடைமைத் தொழில், வங்கி என்று எல்லாத் தரப்பையும் கலந்து அமைப்பார்கள். ஒரு பாடப்பொருளுக்கு ஒருவர் தலைவர், இன்னொருவர் செயலர். அடுத்த பொருளுக்கு அந்தப் பொறுப்பு வேறு இருவருக்குப் போய்விடும். நேற்றுக் கூட்டத்தை நடத்தியவர் இன்று கையை உயர்த்திப் பேச அனுமதி கேட்க வேண்டும். ஹைதராபாத்திலும் இந்த முறையைக் கையாண்டார்கள். நடத்தையைப் பற்றி ஒரு சொற்பொழிவுகூட இல்லாமல் நடத்தையைக் கற்பித்த ஏற்பாடு இது என்பேன். பதவியில் மேலே போகப் போக ஒரு மனிதர் இழப்பது மறுப்பைக் கேட்கும் பழக்கத்தை. அவர் அறைக்குள் வருபவர்கள் அவர் முகத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பத்து ஆண்டுகள் அப்படி வாழ்ந்தவர், தன் கருத்து தவறு என்று நேருக்கு நேர் சொல்லும் ஒரு சகாவைச் சந்திக்கும்போது முதலில் திகைக்கிறார். பிறகு குரலை உயர்த்துகிறார். முதல் வாரத்தில் இது நடக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. இரண்டாம் வாரத்தில் அவர் குரல் தணிந்தால் பயிற்சி பலிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஹார்வர்டு போன்ற இடங்களில் எல்லாரும் எல்லாரையும் முதற்பெயரால் அழைக்கிறார்கள். நம் ஊரில் பங்கேற்பாளர்கள் ஒருவரையொருவர் ‘சார்’, ‘மேடம்’ என்றே அழைக்கிறார்கள். சில ஒருங்கிணைப்பாளர்கள் இதை மாற்றிவிட வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரியாதைச் சொல் யாரையும் கெடுத்ததில்லை. ‘சார், நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை’ என்று தமிழ்நாட்டில் ஒருவர் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கவலைப்பட வேண்டியது ஒரே நிறுவனத்தின் மேலாளரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் ஒரே வகுப்பில் வந்து உட்காருவதைப் பற்றி. மேலாளர் எத்தனை நல்லவராக இருந்தாலும் கீழே இருப்பவர் அந்த அறையில் வாய் திறக்க மாட்டார். இருவரையும் வேறு வேறு அணிகளுக்கு அனுப்புவதுதான் வழி. இதைப் பங்கேற்பாளரின் நடத்தையிடம் விட்டுவிடக் கூடாது; சேர்க்கை அலுவலகமே பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

வருகை, நேரம், செல்போன் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கேஸைப் படிக்காமல் வருபவர் தன் காலத்தோடு பக்கத்தில் இருப்பவரின் காலத்தையும் வீணாக்குகிறார். கடைசி நாள் மதியத்துக்கு விமானச் சீட்டு எடுத்து வைத்துக்கொண்டு காலையிலேயே பெட்டியோடு வகுப்புக்கு வருபவர், அன்று பேசவிருக்கும் சகாவை அவமதிக்கிறார். இவ்வளவு போதும்.

இரகசியம் காப்பதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இயங்கும் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ் 1927-இல் ஒரு விதியை வகுத்தது. 1992-இலும் 2002-இலும் அதைத் திருத்தியது. கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். நம் நிறுவனங்களின் நடத்தைத் தாள்களிலும் சாத்தம் ஹவுஸ் விதி என்ற பெயரைப் பார்க்கலாம். அயல்நாட்டு அரசியலைப் பேசும் கூட்டத்துக்கு அந்த விதி பொருந்தும். அதிகாரிகளின் வகுப்புக்கு அது போதாது என்பது என் துணிபு. சிறிய தொழில்வட்டத்தில் பெயரை மறைப்பதால் பயனில்லை. ‘தென்னகத்தில் டயர் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் நிதித் தலைவர் சொன்னார்’ என்றால் கேட்பவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஆகவே வகுப்புக்கான விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்: சொன்னவரின் அனுமதி இல்லாமல் செய்தியும் வெளியே போகக் கூடாது. கற்ற பாடத்தை எடுத்துச் செல்லுங்கள். கதையை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கேஸ் எழுதுபவர்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமானது. ஒரு நிறுவனத்துக்குள் சென்று தகவல் திரட்டி எழுதிய கேஸை அந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே ஹார்வர்டு வெளியிடுகிறது. தேவைப்பட்டால் பெயரையும் எண்களையும் மாற்றுகிறார்கள். அச்சிட்ட கேஸுக்கே இவ்வளவு கவனம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் நம்பிக்கையோடு சொன்ன சொல்லுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

இதில் சட்டமும் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் அதிகாரிகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். நிறுவனத்தின் உள் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் உள்ளாள் வணிகத்தைத் தடுக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2015-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, வெளியிடப்படாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை உரிய பணிக் காரணம் இல்லாமல் இன்னொருவருக்குச் சொல்வதே குற்றம். கேட்டு வாங்குவதும் குற்றம். காலாண்டு முடிவுகள், ஈவுத்தொகை, நிறுவன இணைப்பு, உயர்பதவி மாற்றம் எல்லாம் அந்தத் தகவலில் அடங்கும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் கழியும்வரை உள்ளாட்கள் பங்கு வாங்கவோ விற்கவோ முடியாதபடி வணிகச் சாளரம் மூடியிருக்கும். அபராதம் பத்து இலட்சம் ரூபாயில் தொடங்கி இருபத்தைந்து கோடி அல்லது ஈட்டிய இலாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம். ‘எங்கள் கம்பெனியில் இப்போது ஒரு பெரிய கைமாற்றம் பேச்சில் இருக்கிறது, அதையே உதாரணமாகச் சொல்கிறேன்’ என்று ஒருவர் வகுப்பில் தொடங்கினால், ஆசிரியர் உடனே தடுக்க வேண்டும். பயிற்சி வகுப்பு என்பதால் சட்டம் விலகி நிற்காது. ஆர்வக் கோளாறில் பேசுபவரையும், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களையும் சேர்த்தே அந்தத் தடை காக்கிறது.

வகுப்புத் தோழமை எங்கே போய் முடியலாம் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் 1983-இல் எம்.பி.ஏ. முடித்தவர், நியூயார்க்கில் கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தைக் கட்டியெழுப்பியவர். அதே ஆண்டு அதே பள்ளியில் படித்து முடித்தவர் அனில் குமார். மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் மூத்த பங்காளியாக இருந்தவர். தன் வாடிக்கையாளர்களின் இரகசியங்களைப் பணத்துக்காக ராஜரத்தினத்திடம் சொன்னதாகக் குமார் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏ.எம்.டி. நிறுவனம் 2006-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய செய்தியும் அவற்றுள் ஒன்று. 2011-இல் ராஜரத்தினத்துக்குப் பதினோரு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. மெக்கின்சியின் உலகத் தலைவராக இருந்த ரஜத் குப்தா ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர், ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். குமாரும் அந்தப் பணியில் உடன் இருந்தவர். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் குழுவில் குப்தா இருந்தார். 2008 செப்டம்பர் 23 அன்று, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 500 கோடி டாலர் முதலீடு செய்யப்போகிறது என்ற செய்தியைத் தொலைபேசிக் கூட்டத்தில் கேட்டார். கூட்டம் முடிந்து ஒரு நிமிடத்துக்குள் அவரிடமிருந்து ராஜரத்தினத்துக்கு அழைப்பு போனது என்பது வழக்கில் முன்வைக்கப்பட்ட சான்று. 2012-இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறையும் 50 இலட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். அவர் குற்றத்தை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறவுமில்லை.

நிர்வாகப் பள்ளிகளைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வார்ட்டனோ ஹார்வர்டோ யாருக்கும் திருட்டைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் வகுப்புத் தோழமை ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. முன்பின் தெரியாதவர் கேட்டால் சட்டென்று மறுத்துவிடும் ஒன்றை, பழைய வகுப்புத் தோழர் கேட்டால் மறுக்க நாக்கு எழாது. நம் பயிற்சிகளை விற்கும் விளம்பரத் தாள்களைப் பாருங்கள்: பயிற்சியால் கிடைக்கும் தொடர்புகளைத்தான் முதலில் சொல்கிறோம். தொடர்பைத் தருவதாக விளம்பரம் செய்யும் பல்கலைக்கழகத்துக்கு, அந்தத் தொடர்பு கேட்கக் கூடாததைக் கேட்கும் நாளில் எப்படி மறுப்பது என்று சொல்லித்தரும் கடமையும் இருக்கிறது. வகுப்பறையில் அதற்குப் பழக்கம் வேண்டும். ‘இது இந்த அறையில் பேச வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லவும், மற்றவர் அதை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்கவும் கற்றுக்கொண்டால், பின்னாளில் தொலைபேசியில் அதே சொற்கள் வாயில் வரும். நான் நடத்திய வகுப்புகளில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி, இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் கேட்க மற்றவர் மறுக்கும்படி பயிற்சி தந்திருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் அறை அமைதியாகிவிடும். ஏனென்றால் எல்லாருக்கும் அப்படிக் கேட்ட ஒரு நண்பர் நினைவுக்கு வந்துவிடுவார்.

இணைய வழி வகுப்புகள் வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. திரையில் ஒரு முகம் தெரிகிறது. அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கூட்டத்தின் பேச்சை முழுவதுமாக எழுத்தாக்கிச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், யாரையும் கேட்காமல் வகுப்புக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கின்றன. பங்கேற்பாளர் வரவில்லை, அவருடைய செயலி மட்டும் வந்திருக்கிறது என்ற நிலையையும் கண்டிருக்கிறேன். நம்மில் ஒருவர் சொன்ன தோல்விக் கதை அந்தக் கணமே யாருடைய கணினிக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். ஒரு படத்தை முன்னனுப்ப விரலின் ஓர் அசைவு போதும். ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, தானியங்கிக் குறிப்பு மூன்றையும் அறவே விலக்க வேண்டும் என்பதே என் நிலை. குறிப்பு வேண்டுமென்றால் கையால் எழுதிக்கொள்ளட்டும். கையால் எழுதுபவர் தனக்குத் தேவையானதை மட்டும் எழுதுகிறார்.

இரகசியம் காக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொன்ன நான், அதே அழுத்தத்தோடு அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ‘வகுப்பில் நடந்தது வகுப்போடு போகட்டும்’ என்ற வாக்கியம் தவறானவர்களின் கையில் ஆபத்தான கருவி. மூத்த அதிகாரிகளின் வகுப்பில் பெண்கள் இன்னும் சிறுபான்மைதான். மாலை விருந்துகள், வெளியூர்ப் பயணங்கள், சில இடங்களில் மதுவும் உண்டு. ஒரு பயிற்சியில் பெண் பங்கேற்பாளர் ஒருவர் மூன்றாம் நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் யாரோடும் ஒட்டுவதில்லை என்று சக பங்கேற்பாளர்கள் பேசிக்கொண்டார்கள். சகா ஒருவரின் தொடர்ந்த சீண்டல்தான் காரணம் என்பது எல்லாரும் ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இங்கே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேனே என்றார். அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. நம்பிக்கையோடு பேசுபவரைக் காக்க எழுதிய விதி, அவரை வருத்தியவரைக் காப்பாற்றியிருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1997-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு, 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதில் மாணவர் யார் என்பதற்குத் தந்த விளக்கம் குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தவரையும் உள்ளடக்குகிறது. வளாகம் என்பதற்குத் தந்த விளக்கமோ வகுப்பறைச் சுவரோடு நிற்காமல் களப்பயணம், கல்விச் சுற்றுலா வரை நீள்கிறது. அதாவது, பத்து நாள் பயிற்சிக்கு வந்த ஐம்பது வயதுப் பொது மேலாளரும் அந்த விதிமுறைகளின் கண்ணில் மாணவர்தான். அவருக்குப் பாதுகாப்பும் உண்டு, பொறுப்பும் உண்டு. உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். குழு தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சியில் இதற்கென்று ஒரு நடைமுறை இடையூறு இருக்கிறது. புகார் எழுதி முடிப்பதற்குள் இருவரும் வெவ்வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே குழுவின் தலைவர் நேரில் வந்து தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சொல்ல வேண்டும். இரகசிய விதிக்குக் கீழேயே இன்னொரு வரியை அச்சிட வேண்டும்: துன்புறுத்தல், முறைகேடு, சட்டமீறல் எதையும் உரிய இடத்தில் சொல்வதை இந்த விதி தடுக்காது. இந்த ஒரு வரி இல்லாத நடத்தைத் தாளை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

பங்கேற்பாளர்களோடு ஒரே வகுப்பில் உட்காராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஸ்ஸில் பரிமாறும் தம்பி, அறையைப் பெருக்கும் அம்மா, நள்ளிரவில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் புரோகிராம் அலுவலகத்துப் பெண். பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். ஒரு புகார் வந்தால் மறுநாள் வேலை இருக்காது. தன் சகாக்களிடம் மிகப் பண்பாகப் பேசும் ஒருவர் காபி ஆறியிருந்ததற்காக இவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான், அவர் தன் அலுவலகத்தின் கடைசிப் படியில் இருப்பவரை எப்படி நடத்துவார் என்பது தெரியும். வகுப்பில் அவர் பேசிய தலைமைத்துவக் கோட்பாடுகளைவிட எனக்கு இது முக்கியம். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் பங்கேற்பாளர்களிடம் உணவு எப்படி, அறை எப்படி, பணியாளர்கள் எப்படி என்று படிவம் கொடுத்துக் கேட்கிறோம். பங்கேற்பாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பணியாளர்களிடம் ஒருநாளும் கேட்பதில்லை. கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதைப் பெயர் குறிப்பிடாமல் நிறைவு நாளுக்கு முன்பே வகுப்பில் வாசிக்க வேண்டும். திருத்திக்கொள்ள நாள் மிச்சம் இருக்கும்போதுதான் அதற்குப் பயன் உண்டு.

பங்கேற்பாளர்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் பல்கலைக்கழகம் தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் பலவீனமானவர்கள் என்பதை இந்த அவையில் மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பயிற்சிகள் பல்கலைக்கழகத்துக்கு வருமானம். இருக்கைகள் நிரம்ப வேண்டும். அடுத்த ஆண்டும் அதே நிறுவனம் ஆள் அனுப்ப வேண்டும். ஆசிரியருக்கு மதிப்பெண் போடுபவர் பங்கேற்பாளர். மதிப்பெண் குறைந்தால் ஆசிரியருக்கு அடுத்த அழைப்பு இல்லை. தனக்கு மதிப்பெண் போடப்போகிறவரைக் கண்டிக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவே கண்டிக்கும் பொறுப்பை அந்த ஆசிரியரிடம் விடாமல், மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்கும் ஒரு மூத்தவரிடம் கொடுக்க வேண்டும். முதலில் தனியே அழைத்துப் பேசுதல், பிறகு எழுத்தில் எச்சரிக்கை, அதன் பிறகு சான்றிதழ் இல்லாமல் அனுப்பிவைத்தல் என்ற வரிசையைத் தாளிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஒரு முறையாவது செய்யவும் வேண்டும்.

கண்டிப்பைச் செயலில் காட்டிய ஒரு பள்ளியைப் பார்ப்போம். 2005-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்த 119 பேர், சேர்க்கை முடிவுகள் வெளியாகும் முன்பே இணையதளத்தின் ஓட்டை வழியாகத் தங்கள் முடிவைப் பார்க்க முயன்றார்கள். அத்தனை பேரையும் பள்ளி நிராகரித்தது. தண்டனை மிகையானது என்று அப்போது பலர் வாதிட்டார்கள். தங்கள் முடிவைத்தானே பார்க்க முயன்றார்கள் என்ற அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பள்ளி வாய் திறந்து தன் அளவுகோலைச் சொன்னது. விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் அது எளிது. இருக்கை நிரம்புமா என்று ஏங்கும் இடத்தில் கடினம். கடினமான இடத்தில்தான் நாம் இருக்கிறோம். 2009-இல், நிதி நெருக்கடியின் பின்னணியில், ஹார்வர்டு மாணவர்கள் நேர்மையாக நிர்வகிப்போம் என்ற எம்.பி.ஏ. உறுதிமொழி ஒன்றைத் தொடங்கினார்கள், நூற்றுக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் படிப்பு முடியும் நாளில் எடுக்கும் உறுதிமொழியைவிட, படிக்கும் நாட்களில் மெஸ்ஸிலும் வகுப்பிலும் கைவந்த பழக்கத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

இந்த அரங்கில் தங்கள் அதிகாரிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனத் தலைவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பயிற்சி நடக்கும் நாட்களில், எங்கள் ஆள் எப்படி இருக்கிறார், பதவி உயர்வுக்குத் தேறுவாரா என்று எங்கள் ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறீர்கள். கட்டணம் கட்டியவர்கள் என்பதால் அந்த உரிமை இருப்பதாக நினைக்கிறீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படி ஓர் அழைப்பு வரும் என்று தெரிந்தால் உங்கள் அதிகாரி வகுப்பில் தன் குறையைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார். பயிற்சியின் ஒரு பகுதியாக அவருடைய கீழ்ப்பணியாளர்களும் சகாக்களும் அவரைப் பற்றி எழுதித் தரும் மதிப்பீட்டு அறிக்கை அவருக்கும் அவருடைய வழிகாட்டிக்கும் மட்டும் உரியது. அதன் நகலைக் கேட்டு எங்களுக்குக் கடிதம் எழுதாதீர்கள். நாங்கள் கொடுக்கவும் மாட்டோம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதப்போகிறோம்.

இரண்டாவது வேண்டுகோள், அவர் திரும்பி வந்த பிறகு. போட்டி நிறுவனத்திலிருந்து யார் வந்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று முதல் நாளே அறைக்கு அழைத்து விசாரிக்கும் வழக்கம் இருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் உங்களுக்கு விசுவாசம் இல்லாதவர் ஆகிறார்; சொன்னால் தோழர்களுக்குத் துரோகம் செய்கிறார். அந்த இக்கட்டில் அவரை நிறுத்தாதீர்கள். அவரோடு வேலை பார்ப்பவர்களிடம் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்: கூட்டத்தில் இவர் குறுக்கே பேசுவது குறைந்திருக்கிறதா, மறுத்துப் பேசியவரை மறுநாளும் அதே முகத்தோடு பார்க்கிறாரா, கடைசி நாற்காலியில் இருப்பவரைப் பேசச் சொல்கிறாரா என்று. பதில் இல்லை என்று வந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அடுத்த பயிற்சியைத் திட்டமிடும் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்வோம்.